தூக்கத்தில் பல் கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

நள்ளிரவில் குழந்தை பல்லை நறநறவென்று கடித்தால், வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பூச்சி மாத்திரை கொடுப்பது நல்லதுதான்; ஆனால் பல் கடிப்பதற்கு அது மருந்தன்று. பால்பற்கள் முளைக்கும்போதும், அவை விழுந்து நிலைப்பற்கள் வரும் 6 முதல் 12 வயது வரையிலும் பல குழந்தைகள் இப்படிக் கடிப்பதுண்டு. பெரும்பாலும் அது தானாகவே நின்றுவிடும். ஆகவே எழுப்பவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். சிறிது நேரம் அருகில் அமர்ந்து மூச்சை மட்டும் கவனியுங்கள். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டாலோ, மூச்சு இடையிடையே நின்று திணறினாலோ, டான்சில் (தொண்டைச் சதை) அல்லது அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) வீங்கியிருக்கக்கூடும் என்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரியவர்கள் விஷயத்தில் இந்தப் பொறுமை உதவாது, ஏனெனில் தேய்ந்த எனாமல், அதாவது பல்லின் கடினமான மேற்பூச்சு, மீண்டும் வளர்வதில்லை. காலையில் கண்ணாடி முன் நின்று கோரைப் பல்லைப் பாருங்கள்: கூர்மையாக இருக்க வேண்டிய நுனி தட்டையாகியிருந்தால், நாக்கின் ஓரங்களில் பல் பதிந்த தடம் இருந்தால், எழும்போது தாடையும் நெற்றிப்பொட்டும் வலித்தால், தூக்கத்தில் பல் கடிக்கிறீர்களோ என்று சந்தேகப்படலாம்.

பகலில் பல்லை இறுக்கும் பழக்கத்தை நாமே குறைக்க முடியும். சும்மா இருக்கும்போது உதடுகள் மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. பலருக்கு இது தெரியாது. ‘ன்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கின் நுனி மேல்பற்களுக்குப் பின்னுள்ள மேட்டில் படும், பற்கள் விலகி நிற்கும். அந்த நிலைதான் தாடைக்கு ஓய்வு. கணினித் திரையின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்து, கண் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். மாலைக்குப் பிறகு காப்பியையும், மதுவையும் புகையையும் தவிர்ப்பது நல்லது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் பல் கடிப்பது வரலாம். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள்.

இரவுக்கு, பல் மருத்துவர் உங்கள் பல்லின் அச்சை எடுத்துச் செய்து தரும் பல் காப்பு உறைதான் பொருத்தமானது. அது கடிப்பதை நிறுத்தாது, பல்லுக்கு வரும் தேய்மானத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும் என்பதால் குளிர்ந்த நீரிலேயே கழுவுங்கள். தாடை வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைகளுக்குப் பொதுவாக இதைத் தருவதில்லை.