பைக் நேபாளத்தில், பாலிசி இந்தியாவில்: தவிர்க்க வேண்டிய காப்பீட்டுத் தவறுகள்

முஸ்தாங் வரை பைக்கில் போய்வரத் திட்டமிடுகிறவர்கள் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதிலும் பெட்டி கட்டுவதிலும் காட்டும் அக்கறையில் கால்பங்கைக்கூட பாலிசித் தாளில் காட்டுவதில்லை. அந்தத் தாளில் 'ஜியோகிராஃபிகல் ஏரியா: இந்தியா' என்று ஒரு வரி இருக்கும். இந்திய எல்லை ஊரான ரக்சாலைத் தாண்டி நேபாளத்தின் பிர்கஞ்சுக்குள் முன்சக்கரம் நுழைந்ததும் உங்கள் காப்பீடு நின்றுபோகிறது என்பதே அதன் பொருள். எல்லையில் யாரும் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். நேபாள சுங்க அலுவலகமான பன்சாரில் ஆர்.சி.யையும் உரிமத்தையும் பார்ப்பார்கள், கட்டணம் வாங்குவார்கள், சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டு வண்டி உள்ளே வருவதற்கான அனுமதி மட்டுமே. விபத்து நடந்தால் அதை வைத்து ஒரு ரூபாயும் கேட்க முடியாது.

இதற்கு வழி சுலபம். வாகனக் காப்பீட்டு விதிகளையும் கட்டணங்களையும் வகுத்த இந்திய மோட்டார் டாரிஃபில் ஐ.எம்.டி. 1 என்ற எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் இணைப்பு, இருக்கிறது. நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளில் நீங்கள் கேட்கும் நாட்டுக்கு பாலிசியின் எல்லையை அது நீட்டிக் கொடுக்கும். முழுக் காப்பீட்டு பாலிசிக்கு 500 ரூபாய், பிறருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் 100 ரூபாய் என்பது டாரிஃப் வகுத்த தொகை. நிறுவனங்கள் இன்று எவ்வளவு வாங்கினாலும், காத்மாண்டு சாலையில் வண்டிக்கும் வழிப்போக்கருக்கும் நேரக்கூடியதை எண்ணினால் அது பெரிய செலவல்ல. நேபாளத்துக்கு இது வெறும் சம்பிரதாயமும் அல்ல. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான சொந்த சேதக் காப்பீட்டில் விபத்து, திருட்டு, வெள்ளம், நிலநடுக்கத்தோடு நிலச்சரிவும் பாறைச்சரிவும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. மலைச்சாலையில் எது தலையில் விழுமோ அதற்கே காப்பு இருக்கிறது, எல்லையை நீட்டிக் கொண்டால். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். எல்லையில் நின்றுகொண்டு முகவருக்கு போன் போடுகிறவர்களுக்கு அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்துவிடுகிறது.

எண்டார்ஸ்மென்ட் கையில் இருந்தும் மோசம் போகிறவர்கள் உண்டு. காரணம் தேதி. அதில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இரு நாட்களும் உட்பட' என்று எழுதியிருக்கும். ஊர் திரும்ப அவசரம் வந்து, வண்டியை போக்ராவில் ஒரு நண்பரின் வீட்டில் நிறுத்திவிட்டு விமானத்தில் வந்துவிடுகிறார்கள். கடைசித் தேதி கடந்தபின் அந்த வண்டி திருடு போனாலும் தீப்பிடித்தாலும் கேட்க நாதியில்லை. ஓட்டாமல் சும்மா நிற்கும் வண்டிக்கு எதற்குக் காப்பீடு என்று கேட்பார்கள். நிற்கிற வண்டிதான் திருடு போகிறது.

அப்படி நிறுத்தி வைப்பதில் சுங்க விதியும் குறுக்கே வரும். இந்தியத் தனியார் வாகனங்களுக்கு நேபாளம் ஒரு நிதியாண்டில் மொத்தம் 30 நாட்கள்தான் அனுமதி தருகிறது. அவர்களுடைய நிதியாண்டு ஜூலை நடுவில் தொடங்குகிறது. அனுமதி முடிந்தபின் சுங்கத் துறை வண்டியைப் பிடித்து வைத்தால் அது விபத்தும் அல்ல, திருட்டும் அல்ல. எந்த பாலிசியும் அதற்கு இழப்பீடு தராது. பன்சார் சீட்டின் தேதிகள் முழுவதையும் எண்டார்ஸ்மென்ட்டின் தேதிகள் உள்ளடக்க வேண்டும், இரண்டு நாள் கூடுதலாகவே.

வண்டி வெளிநாட்டில் இருக்கும்போது பாலிசி காலாவதியாவது இன்னொரு தொல்லை. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே தரப்படுகிறது. அதனால் 'ஐந்து வருஷத்துக்கு இருக்கிறதே' என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் சொந்த சேதப் பகுதியைப் பெரும்பாலோர் ஆண்டுதோறும்தான் புதுப்பிக்கிறார்கள். அது விட்டுப்போனால், வண்டியை ஆய்வு செய்யாமல் நிறுவனம் புதுப்பிக்கத் தயங்கும். வண்டியோ அக்கரையில் பூட்டிய ஷெட்டில் நிற்கிறது. 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், இழப்பீடு கேட்காததற்காகப் பிரீமியத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடியும் போய்விடும். அது 50 சதவீதம் வரை வளர்ந்திருக்கக் கூடும். முந்திக்கொண்டு புதுப்பித்தாலும் புது பாலிசியில் பழைய எண்டார்ஸ்மென்ட் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. அதை மறுபடி கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் நபர் காப்பீடே முடிந்த வண்டியில் திரும்பி வருவது எல்லாவற்றையும் விட ஆபத்து. இந்திய மண்ணில் சக்கரம் பட்டதுமே அது மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவை மீறிய குற்றம். முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அடுத்த தடவை அபராதம் 4,000. அபராதத்தைக் கட்டிவிடலாம். யார் மீதாவது மோதிவிட்டால் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதும் உங்கள் சொத்திலிருந்து போகும். அந்தக் குடும்பத்துக்கும் பணம் லேசில் கைக்கு வராது என்பதுதான் எனக்கு மேலும் வருத்தம் தருவது.

இலங்கைக்கு பைக் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் பயணிகளுக்கானது. வண்டி சரக்குக் கப்பலில்தான் போக வேண்டும். எண்டார்ஸ்மென்ட் இலங்கையைச் சேர்த்தாலும், கடல் பயணத்தின்போதும் விமானத்தில் ஏற்றிச் செல்லும்போதும் ஏற்படும் சேதத்தை வெளிப்படையாகவே விலக்குகிறது. அந்த இடைவெளிக்குத் தனியாகச் சரக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். ஆட்டோமொபைல் சங்கங்கள் தரும் கார்னே ஆவணத்தைக் காப்பீடு என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வண்டியை அங்கே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவேன் என்று சுங்கத்துக்குத் தரும் உத்தரவாதம் அது. மியான்மர், தாய்லாந்து இரண்டும் அந்த ஆறு நாடுகளில் இல்லை. அங்கே உள்ளூர் காப்பீடுதான் வழி.

வண்டியை யார் பொறுப்பில் விட்டுவருகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். உரிமம் இல்லாதவர் ஓட்டி விழுந்தால் சொந்த சேத இழப்பீடு கிடைக்காது. வாடகைக்கு விட்டாலும் அப்படியே. சேதம் நேர்ந்துவிட்டால் உள்ளூர் போலீஸில் எழுதித் தந்து நகல் வாங்குங்கள், அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்ப்பதற்கோ நிறுவனம் சம்மதிப்பதற்கோ முன்பாக மெக்கானிக்கிடம் வண்டியைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். திருட்டு என்றால் வாங்கும்போது வந்த இரண்டு சாவிகளையும் நிறுவனம் கேட்கும். போக்ராவில் நண்பரிடம் ஒன்றைக் கொடுத்திருந்தால், அவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கும் வழியை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.