தீபாவளிப் பரிசுக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்

தீபாவளிக்குப் பல வீடுகளுக்கு இனிப்பு கொடுக்க வேண்டியிருந்தால், அலங்காரப் பெட்டிகளைத் தனித்தனியாக வாங்காமல், கோவில்பட்டியில் கடலைமிட்டாய் தயாரிக்கும் ஒருவரிடம் மூன்று வாரத்துக்கு முன்பே மொத்தமாகச் சொல்லி, ஒரே பார்சலாக வரவழைத்து, வீட்டிலேயே பிரித்துக் கட்டிக் கொடுங்கள்.

பார்சல் ஒன்றாக வருவதால் கிலோவுக்கு விழும் கூரியர் செலவு குறைகிறது. இடையில் யாருடைய லாபமும் சேராததால், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாயைச் செய்பவர்களின் கைக்கே பணம் முழுவதும் போய்ச் சேருகிறது, அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலக்கடலையும் வெல்லப்பாகும் ஈரமின்றி இறுகிய பண்டம் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பண்டிகை வரை கெடாது. வந்தவுடன் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள்: பட்டென்று முறிந்தால் நல்லது, வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள்.

இரண்டு மூன்று வீடுகளுக்கு மட்டும் என்றால் கூரியர் செலவே மிச்சத்தைத் தின்றுவிடும். நிலக்கடலை ஒவ்வாத வீடுகளை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் இந்த முறை பொருந்தாது. பாலால் ஆன அதைப் பண்டிகைக்கு ஓரிரு நாள் முன்பு வாங்குவதே சரி.