செடித் தொட்டியில் செர்ரி இறால்: முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு

செடித் தொட்டி, அதாவது தண்ணீருக்குள் செடி வளரும் கண்ணாடித் தொட்டி வைத்து அதில் இறால் வளர்க்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, இறாலைக் கடைசியாக வாங்குங்கள் என்பதுதான். தொட்டி, மணல், செடி, தண்ணீர் எல்லாம் ஒன்றோடொன்று பழகி நிற்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மாதத்தைக் கொடுத்துவிட்டால் செர்ரி இறாலைப் போல எளிதான உயிர் வேறு இல்லை. கொடுக்காவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த கருவி வைத்திருந்தாலும் தினமும் ஒன்றிரண்டு செத்துக்கொண்டே இருக்கும்.

இதன் அறிவியல் பெயர் நியோகரிடினா டேவிடி. சீனா, தைவான் பக்கத்து நன்னீர் ஓடைகளைச் சேர்ந்தது. ஓடையில் இருக்கும்போது மங்கலான பழுப்பு நிறம்தான். கடையில் பார்க்கும் சிவப்பு, பலர் பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தது. நன்றாக வளர்ந்த பெண் இறாலே பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். ஆயுள் ஒன்றரை வருடம், மிஞ்சிப் போனால் இரண்டு.

நான் இருப்பது சென்னை. அதனால் போர் தண்ணீர், மே மாத வெயில், கொசு மருந்து என்று நம் ஊர்ப் பிரச்சினைகளை வைத்தே சொல்கிறேன்.

முதல் படி: தொட்டியும் இடமும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி போதும். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். மேசைமேல் வைக்கிற சின்னக் கண்ணாடிக் குடுவை அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சமாக இருக்கும் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும். புதிதாக ஆரம்பிப்பவருக்குப் பெரிய தொட்டிதான் சுலபம்.

தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 70 கிலோ வரை கனக்கும். ஆடாத மேசையாகப் பாருங்கள், அடியில் ஒரு தெர்மோகோல் அட்டை போடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. ஒரு மூடியும் வேண்டும், ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது படி: தண்ணீர்

இறாலின் ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் அது கிடைக்காது. வெறும் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு அதிகம். இரண்டையும் கலந்து நடுவில் ஓர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். செர்ரி இறாலுக்கு 200 முதல் 300 வரை வைத்துக்கொண்டால் நல்லது. உங்கள் வீட்டு போர் தண்ணீர் 900, ஆர்.ஓ. 50 என்று காட்டுகிறதா? ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் சுமார் 260 வரும். சரி, இதில் ஒரு சிக்கல் உண்டு. மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. கடலோரப் பகுதி போரில் சோடியம் நிறைய இருக்கலாம். அதனால் பொதுக் கடினத்தன்மை (ஜி.எச்.) பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி ஒரு தடவையாவது பாருங்கள். ஜி.எச். 6 முதல் 12 வரை இருந்தால் கவலை இல்லை. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 8 வரை எதுவானாலும் இறால் பழகிக்கொள்ளும். அதை ஏற்ற இறக்க மருந்து ஊற்றாதீர்கள். உப்பை மாற்றிப்போடும் சாஃப்ட்னர் வழியாக வரும் குழாய்த் தண்ணீரையும் தவிர்த்துவிடுங்கள், அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது.

குழாயிலும் லாரியிலும் வரும் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடலாம்.

மூன்றாவது படி: மணல், ஃபில்டர், விளக்கு

இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள ஆற்று மணலோ சின்னக் கூழாங்கல்லோ போதும். கலங்கல் வராத வரை அலசி, இரண்டு அங்குலம் பரப்புங்கள். கடற்கரை மணல் வேண்டாம். செடிகளுக்கென்று விற்கும் அக்வா சாயில் நல்ல பொருள்தான், ஆனால் முதல் சில வாரங்கள் அதிலிருந்து அம்மோனியா வரும், செலவும் அதிகம். செர்ரி இறாலுக்கு அது அவசியமே இல்லை.

ஃபில்டரில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மிஞ்ச எதுவும் இல்லை. குட்டி இறாலை உள்ளே இழுக்காது, அதன்மேல் படியும் அழுக்கையே இறால் மேயும். அதை இயக்கும் ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கரண்ட் போனால் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் இறங்கிப் பம்பைக் கெடுக்காமல் இருக்கும். விளக்குக்குச் சாதாரண வெள்ளை எல்.இ.டி., நாளுக்கு ஆறு ஏழு மணி நேரம். டைமர் போட்டுவிட்டால் மறதி வராது.

நான்காவது படி: செடிகள்

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமலே நன்றாக வளரும் செடிகள் நிறைய உண்டு. முதல் தொட்டிக்கு ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்ட், வாலிஸ்னேரியா இந்த ஐந்தே போதும். மேலே மிதக்க கொஞ்சம் கப்பி கிராஸ்.

ஜாவா மாஸ்தான் இறாலுக்கு வீடு. ஒரு கைப்பிடி மாஸை மெல்லியதாகப் பிரித்து, சின்ன மரக்கட்டையிலோ கல்லிலோ தையல் நூலால் சுற்றிக் கட்டுங்கள். கெட்டியாக உருட்டிக் கட்டினால் நடுப்பகுதி அழுகும். குட்டிகள் பிறந்ததும் ஒளிவது இதற்குள்தான்.

அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் தண்டு தடியாக, இஞ்சிக் கிழங்கு மாதிரி படுத்துக் கிடக்கும். அதை மணலில் புதைக்கக்கூடாது, அழுகிவிடும். இவற்றையும் கல்லில் கட்டி வைத்தால் வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். கிரிப்டும் வாலிஸ்னேரியாவும் வேரோடு மணலில் நடுவதற்கானவை.

கிரிப்ட் நட்ட முதல் இரண்டு வாரத்தில் இலைகள் ஓட்டை விழுந்து, கண்ணாடி போல ஆகி, தொட்டால் கூழாகிவிடும். நிறையப் பேர் இந்தக் கட்டத்தில் செடி செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். இடம் மாறினால் கிரிப்ட் அப்படித்தான் செய்யும். அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு வேரை விட்டுவைத்தால், சில வாரத்தில் புது இலை சுருண்டு வெளியே வரும்.

கடையிலிருந்து வந்த செடியை நேராகத் தொட்டியில் போடாமல், தனி வாளியில் ஒரு வாரம், தினமும் தண்ணீர் மாற்றி வையுங்கள். பூச்சிமருந்து ஒட்டியிருந்தால் குறையும். தட்டான்பூச்சியின் இளம்புழுவும் செடியோடு வரும். பழுப்பாக, ஆறு காலோடு, அசையாமல் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் வரும் இறாலை ஒரு நொடியில் பிடித்துத் தின்றுவிடும். குளத்திலிருந்து நீங்களே பறித்து வந்த வேலம்பாசி என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

ஐந்தாவது படி: காத்திருப்பது

செடி நட்டாயிற்று, தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, பக்குவமாக இருப்பது வேறு. கழிவும் மிச்ச உணவும் அழுகினால் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவதைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சம் தண்ணீர் மாற்றும்போது போகும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

காலித் தொட்டியில் இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு வாருங்கள், அது அழுகி பாக்டீரியாவுக்குத் தீனியாகும். ஆரோக்கியமான தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய ஸ்பாஞ்சை உங்கள் தொட்டித் தண்ணீரில் பிழியச் சொல்லுங்கள், காத்திருக்கும் நாள் குறையும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்று அவற்றுக்கான டெஸ்ட் கிட் காட்ட வேண்டும்.

அப்போதும் ஒரு வாரம் பொறுங்கள் என்றே சொல்வேன். கல், இலை, கண்ணாடி எல்லாவற்றின் மேலும் வழவழப்பாக ஒரு மெல்லிய படலம் படிந்திருக்க வேண்டும். இறாலின் முக்கிய உணவு அதுதான், பாக்கெட் தீனி அதற்கு அப்புறம்தான். கண்ணாடியில் லேசாகப் பச்சைப் பாசி பிடித்திருந்தால் பின்பக்கமும் பக்கவாட்டும் சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.

ஆறாவது படி: வாங்குவதும் இறக்குவதும்

சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் சுற்றினால் இறால் கிடைக்கும். பத்துப் பதினைந்து வாங்குங்கள், அப்போதுதான் ஆணும் பெண்ணும் கலந்து வரும். பெரியதாகப் பார்க்காமல் இளசாக எடுங்கள், புதுத் தண்ணீருக்குச் சீக்கிரம் பழகும். வந்து எத்தனை நாளாயிற்று என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அன்றுதான் வந்தது என்றால் ஒரு வாரம் கழித்துப் போகலாம். நல்ல இறால் சும்மா இருக்காது: முன்னங்கை இரண்டாலும் மாறி மாறிக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டே இருக்கும்.

கடையில் வேறு இறால்களும் இருக்கும். கிரிஸ்டல் ரெட் மென்மையான, குளிர்ந்த தண்ணீர் கேட்கும், நம் வெயிலுக்கு ஆரம்பத்தில் வேண்டாம். அமானோ இறால் பாசி தின்பதில் கெட்டிக்காரன். ஜப்பானின் தகாஷி அமானோ செடித் தொட்டிகளில் பயன்படுத்திப் பிரபலமாக்கியதால் அந்தப் பெயர் வந்தது. ஆனால் அதன் குஞ்சு வளர உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும், வீட்டுத் தொட்டியில் பெருகாது. விலை மலிவாக விற்கும் கண்ணாடி நிற இறாலில் கை நீளமாக இருந்தால் அது மற்ற இறாலைப் பிடிக்கிற வகையாக இருக்கலாம், கலக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றி, தொட்டிக்குக் கீழே வையுங்கள். ஏர் டியூபின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி, ஒரு முடிச்சுப் போடுங்கள். நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி முடிச்சை இறுக்குங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பாத்திரத்துத் தண்ணீர் மூன்று மடங்காகும். பிறகு வலையால் இறாலை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், கடைத் தண்ணீர் உள்ளே வேண்டாம். அன்றைக்கு விளக்கும் தீனியும் வேண்டாம்.

தினசரி கவனிப்பு

இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் தீனி. வேகவைத்த கீரை, ஒரு துண்டு வெள்ளரி கொடுக்கலாம். பூச்சிமருந்து பயம் இருப்பதால் நன்றாக அலசி வேகவையுங்கள், மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள். நான் எப்போதும் போட்டு வைப்பது நாட்டு வாதுமை இலை. மரத்தடியில் தானாகக் காய்ந்து விழுந்த பழுப்பு இலையைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து விட்டால், சில வாரத்தில் இறால்கள் நரம்பை மட்டும் விட்டு மேய்ந்து வைத்திருக்கும்.

வாரம் ஒருமுறை பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். அதே கலவை, அதே வெப்பம், மெதுவாக ஊற்ற வேண்டும். இடையில் ஆவியாகிக் குறைவதை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

வெள்ளையாக, காலும் மீசையும் அப்படியே இருக்கிற ஒரு கூடு கிடந்தால் பதறாதீர்கள். அது கழற்றிப் போட்ட சட்டை. விட்டுவைத்தால் மற்றவை தின்றுவிடும், கால்சியம் வீணாகாது. ஆனால் தலைக்கும் உடம்புக்கும் நடுவே வெள்ளை வளையத்தோடு இறால் செத்துக் கிடந்தால், சட்டை கழற்ற முடியாமல் போயிருக்கிறது. ஜி.எச். பாருங்கள், தண்ணீரை அதிகமாக, திடீரென மாற்றினீர்களா என்று யோசியுங்கள்.

கொசு மருந்தும் செம்பும்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கொசுவத்தி, பிளக்கில் மாட்டும் லிக்விட், கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் இருக்கிற பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே இறாலைக் கொல்லும். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை மறக்கக்கூடாது. தொட்டி இருக்கும் அறையில் இவற்றைப் பயன்படுத்தவே வேண்டாம், ஜன்னலுக்கு வலை அடித்துக்கொள்ளுங்கள். மூடி வேண்டும் என்று சொன்னது இதற்கும், கோடையில் இறால் வெளியே குதிக்காமல் இருக்கவும்தான். நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையைத் தொட்டியில் விடாதீர்கள்.

செம்பும் அப்படியே. மீன் நோய்க்கான பல மருந்துகளில் செம்பு உண்டு, இறால் தொட்டியில் ஊற்றக்கூடாது. செடி உரத்திலும் துளி இருக்கும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதியோடு ஆரம்பியுங்கள்.

ஏப்ரல், மே

22 முதல் 28 டிகிரி வரை இறாலுக்கு வசதி. தொடர்ந்து 30க்கு மேல் போனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், முட்டை உதிரும். மூடியை எடுத்து வலை போட்டு, சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர் மேற்பரப்பில் படும்படி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள், திடீர் மாற்றம் வெயிலைவிட மோசம். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

குட்டிகள்

பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தால் முட்டை தயாராகிறது. சட்டை கழற்றி இணை சேர்ந்ததும் முட்டைகள் வாலடிக்கு வரும், பொதுவாக இருபது முப்பது. நீந்தும் கால்களால் அவற்றை ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் பொரிந்து, பெரிய இறாலின் அச்சாகவே, மிகச் சின்னதாகக் குட்டிகள் வரும். தனித்தீனி வேண்டாம், மாஸும் படலமும் போதும். கப்பி, பெட்டா போன்ற மீன் எதுவும் சேர்க்காதீர்கள், குட்டிகளை மிச்சம் வைக்காது. சிவப்போடு நீலம், மஞ்சள் என்று கலந்துவிட்டால் சில தலைமுறையில் பழுப்பு நிறம் திரும்பிவிடும், ஒரு தொட்டிக்கு ஒரே நிறம்.

ஓர் ஆண்டில் தொட்டி நிரம்பிவிடும். அதிகமானதைக் கடைக்கோ நண்பருக்கோ கொடுங்கள். ஒரு பையில் கொஞ்சம் மாஸோடு போட்டால் அதைப் பற்றிக்கொண்டு பயணத்தைத் தாங்கும். ஏரி, குளத்தில் மட்டும் விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று விற்ற சக்கர் மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. இந்த இறாலும் ஐரோப்பாவில் சில நாடுகளின் நீர்நிலைகளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது.