போலியோ ஒழிப்பும் வைரஸின் மரபணுச் சான்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாதம் வந்த குழந்தை எங்கும் இல்லையெனில் வைரஸும் இல்லை என்று முடிவுகட்டுவதே போலியோ கண்காணிப்பில் மிகப் பெரிய தவறு. தொற்றுக்கு ஆளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால்கள் செயலிழக்கின்றன. மற்றவர்கள் நோய் தெரியாமலேயே வைரஸைப் பரப்புகிறார்கள். நைஜீரியாவில் 2014 ஜூலைக்குப் பின் இயற்கை வகை போலியோ (தடுப்பு மருந்திலிருந்து தோன்றாதது) காணப்படாததால், 2015 செப்டம்பரில் அந்நாடு போலியோ நிலைத்திருக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் 2016 ஆகஸ்டில் போர்னோ மாநிலத்தில் அது மீண்டும் வெளிப்பட்டபோது, அதன் மிக நெருங்கிய உறவாக மரபணு வரிசை காட்டியது, அதே மாநிலத்தில் 2011இல் கண்டறியப்பட்ட வைரஸை. போக்கோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் வன்முறையால் சுகாதாரப் பணியாளர்கள் செல்ல முடியாத ஊர்களில் அது ஐந்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் சுற்றியிருக்கிறது. மாதிரியே எடுக்கப்படாத ஊரை வைரஸ் இல்லாத ஊராகக் கணக்கில் சேர்ப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இந்தக் கால அளவு எப்படித் தெரிகிறது? வைரஸின் மேலுறைப் புரதங்களுள் ஒன்றான விபி1க்குரிய மரபணுப் பகுதியில் சுமார் 900 மரபணு எழுத்துகள் (நியூக்ளியோடைடுகள்) உள்ளன. அவற்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் மாறுகின்றன. அறியப்பட்ட எந்த உறவிலிருந்தும் 1.5 சதவீதமோ அதற்கு மேலோ விலகி நிற்கும் வைரஸ் கிடைத்தால், இடைப்பட்ட பரவலைக் கண்காணிப்பு தவறவிட்டிருக்கிறது என்று பொருள். எனினும் இது சராசரி வேகமே என்பதால், அதிலிருந்து துல்லியமான தேதியைக் கணக்கிட முயல்வது தவறு.

நெருங்கிய உறவு இருந்த இடத்திலிருந்தே வைரஸ் நேராக வந்தது என்று சொல்வதும் பிழையே. 2022 பிப்ரவரியில் மலாவியின் லிலாங்வேயில் ஒரு குழந்தையிடம் கண்டறியப்பட்ட வைரஸ், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2019இல் கிடைத்த வைரஸோடு தொடர்புடையது. இடையில் அது யார் யாரைக் கடந்து வந்தது என்பதை அந்த வரிசை சொல்லாது. ஆனால் அது ஆப்பிரிக்காவில் எஞ்சியிருந்த வைரஸ் அல்ல, வெளியிலிருந்து வந்தது என்பதை உறுதியாகச் சொன்னது. அதனால்தான் 2020 ஆகஸ்டில் உலக சுகாதார அமைப்பின் ஆப்பிரிக்கப் பகுதிக்கு வழங்கப்பட்ட ஒழிப்புச் சான்றிதழ் செல்லாததாகவில்லை.

அச்சான்றிதழ் இயற்கை வகைக்கு மட்டுமே உரியது என்பதை மறப்பது மற்றொரு தவறு. தடுப்பூசி குறைவாகப் போடப்பட்ட இடங்களில், சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த வைரஸ் நீண்டநாள் பரவி மீண்டும் வாதம் உண்டாக்கும் வலுவைப் பெறக்கூடும். போலியோ வைரஸின் மூன்று வகைகளுள், விபி1இல் மூல மருந்து வைரஸிலிருந்து இரண்டாம் வகை 6 எழுத்துகளும், மற்ற இரு வகைகள் 10 எழுத்துகளும் மாறிவிட்டாலே தடுப்பு மருந்திலிருந்து தோன்றிய வைரஸ் என்ற பிரிவில் சேர்க்கப்படும். ஆப்பிரிக்காவில் சான்றிதழுக்குப் பிறகும் குழந்தைகளை முடக்கியவற்றுள் பெரும்பாலானவை இவ்வகை வைரஸ்களே.