விரிசல் விட்ட முன்கண்ணாடியை மாற்றினேன்

லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த சிறு கல்தான். மறுநாள் காலைக் குளிரில் விரிசல் ஓட்டுநர் பக்கம்வரை ஓடிவிட்டது. கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாத, வெளித் தயாரிப்புக் கண்ணாடியையே வாங்கினேன். இரு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் உள்ள லேமினேட்டட் வகைதானா என்று ஓரத்து முத்திரையைப் படித்து உறுதிசெய்தேன். மழைத்துளியை உணர்ந்து வைப்பரை இயக்கும் சென்சாருக்கான இடமும் பழையதோடு பொருந்தியது.

ஆனால் உயிர்நாடி பசைதான். பழைய யூரித்தேன் பசையை மெல்லிய அடுக்காக விட்டுச் சீவி, கண்ணாடி ஒட்டும் சட்டத்தில் பெயின்ட் உரிந்த இடங்களில் பிரைமர் தடவும்படி மெக்கானிக்கிடம் சொன்னேன். அங்கே துரு பிடித்தால் பசை விட்டுவிடும். பசை இறுகப் பசைக்குழலில் அச்சிட்டிருந்த நேரம் முடியும்வரை காரை எடுக்கவில்லை. விபத்தில் காற்றுப்பை விரிந்து மோதும்போது கண்ணாடி பிடுங்கிக்கொண்டு போகக் கூடாதல்லவா! உள்ளே காற்றழுத்தம் கூடிப் புதுப் பசை அசையாதபடி, முதல் நாள் கதவுகளை அறைந்து சாத்தாமல், ஒரு ஜன்னலைச் சற்றே இறக்கி வைத்தேன். அடுத்த மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.