உங்கள் ஊரின் மக்கள்தொகை, போக்குவரத்துக் குறிப்பை நீங்களே தயாரிக்கலாம்

சாலை கேட்டு மனு கொடுக்க, கல்லூரி புராஜெக்டுக்கு, கிராம சபையில் பேச என்று எதற்கானாலும், ஊரைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு கையில் இருந்தால் பேச்சு எடுபடும்.

1. எந்த ஊர்?

சென்சஸில் ஊர் என்றால் வருவாய்க் கிராமம், அதாவது வருவாய்த் துறைப் பதிவேட்டில் தனி எல்லையோடு இருக்கும் கிராமம். நாம் ஊர் என்று சொல்வதோ பெரும்பாலும் அதற்குள் இருக்கும் ஒரு குக்கிராமம். ஊராட்சி எல்லை இன்னொன்று. சரியான பெயரை வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் என்பதால், 2011 சென்சஸ் தந்த 6 இலக்க ஊர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அட்டவணையை எடுங்கள்

சென்சஸ் துறையின் தளத்தில் மாவட்டக் கையேடு இலவசமாகக் கிடைக்கும். அதன் முதல் பகுதியில் ஊரின் வசதிகள், இரண்டாம் பகுதியில் ஆட்களின் கணக்கு. 2021 சென்சஸ் தள்ளிப்போனதால் 2011தான் கடைசிக் கணக்கு. சில தளங்கள் உங்கள் ஊருக்கு ‘இந்த ஆண்டு மக்கள்தொகை’ என்று போடுவது வெறும் மதிப்பீடு, அதைத் தொடாதீர்கள்.

3. கணக்குப் போடுங்கள்

ஒரு பேச்சுக்கு, ஊரில் 1,240 பேர். ஆண்கள் 610, பெண்கள் 630 என்று வையுங்கள். 630-ஐ 610-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் பாலின விகிதம் 1,033, அதாவது 1,000 ஆண்களுக்கு 1,033 பெண்கள்.

எழுத்தறிவில்தான் பலரும் சறுக்குவார்கள். 0-6 வயதுக் குழந்தைகளைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். குழந்தைகள் 130, எழுத்தறிந்தோர் 777 என்றால், 777-ஐ 1,110-ஆல் வகுக்க 70 சதவீதம் வரும். மொத்தத்தால் வகுத்தால் 63-க்கு இறங்கிவிடும்.

4. போக்குவரத்துக்கு நேரில் போங்கள்

கையேட்டில் பேருந்து, ரயில் நிலையம், ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி, தார்ச்சாலை, நடைபாதை என்று ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்று இருக்கும். இல்லாதது எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதை 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, அதற்கு மேல் என மூன்று குறியீடுகளில் சொல்வார்கள்.

‘பேருந்து உண்டு’ என்பதை மட்டும் நம்பி எழுதினால் குறிப்பு செத்த குறிப்பு. ஒரு நாளைக்கு இரண்டு நடை வந்தாலும் ‘உண்டு’தான். பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு? கடைசி பஸ்ஸை விட்டால் எதில் வருவார்கள்? இரவு ஊரிலேயே நின்று காலையில் கிளம்பும் நைட் ஹால்ட் பஸ் உண்டா? பள்ளி விடும் நேரத்துக்கு வண்டி இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை வருமா? மழைக்குத் தரைப்பாலம் மூழ்கினால் பஸ் எங்கே திரும்பிப் போகிறது? ஷேர் ஆட்டோ ஆள் சேர எவ்வளவு நேரம் நிற்கிறது?

தமிழ்நாட்டு ஊர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தனியார் மினி பஸ் மட்டும் வரும் ஊரில் அந்தச் சலுகை கைக்கு எட்டாது. எந்த வண்டி வருகிறது என்று எழுதாமல் ‘பஸ் வசதி உண்டு’ என்பதில் பாதி விஷயம் போய்விடும்.

5. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்

2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள, இணைப்பில்லாத குடியிருப்புகளுக்குச் சாலை போடுகிறது. மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு வரம்பு 250. கவனியுங்கள், இது வருவாய்க் கிராமத்தின் மொத்தக் கணக்கு இல்லை, குடியிருப்பின் கணக்கு. ஊருக்குத் தார்ச்சாலை இருந்தும், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனிக்கு வண்டிப் பாதைகூட இல்லாமல் இருக்கலாம். அட்டவணை அதைக் காட்டாது. அதனால் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் தனி வரி எழுதுங்கள்: எத்தனை வீடு, சுமார் எத்தனை பேர், எல்லாப் பருவத்திலும் வண்டி போகும் சாலை எவ்வளவு தூரத்தில். வீட்டு எண்ணிக்கைக்கு ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேடு உதவும். வாக்காளர் பட்டியலில் 18 வயது நிரம்பியவர்கள் மட்டுமே இருப்பார்கள், அதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.