விபத்து, மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் வழக்கறிஞராவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் வளர்ந்தவருக்கு, செம்பனைக் குலை விழுந்து முதுகு முறிந்தவரும், வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதிக் காலை இழந்தவரும் அக்கம்பக்கத்தில் பார்த்த முகங்கள்தாம். அவர்களுக்காக வாதாட விரும்பும் மாணவர், முதலில் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய் மொழிப் பாடத்தை அலட்சியம் செய்யாதிருக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர் நேரே தொழிற்பயிற்சிக்குச் செல்லலாம். இங்கிலாந்துச் சட்டப் பட்டம் மட்டும் பெற்றவர், அத்தகையோர் இங்கே தொழில் செய்வதற்கான தகுதித் தேர்வான சி.எல்.பி.யில் தேற வேண்டும். பின்னர் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் 9 மாத ‘சேம்பரிங்’ எனும் தொழிற்பயிற்சி. வீடு, நிலப் பத்திர வேலையே பெரும்பாலும் நடக்கும் பெரிய அலுவலகத்தைவிட, விபத்து வழக்குக் கோப்புகள் குவிந்து கிடக்கும் ஈப்போவின் சிறிய அலுவலகம் ஒன்றே இப்பயிற்சிக்கு ஏற்றது என்பது என் கருத்து.

சேர்ந்தவுடன் கற்க வேண்டியது காலக்கெடு. தனியார் மருத்துவமனைமீது கவனக்குறைவு வழக்குத் தொடுக்கத் தீபகற்ப மலேசியாவில் 6 ஆண்டுகள் உண்டு; அரசு மருத்துவமனை என்றால் 36 மாதங்களே. நம் குடும்பங்கள் விதியென்று பொறுத்து, நேர்த்திக்கடன் செலுத்தி, உறவினரிடம் யோசனை கேட்டு முடிப்பதற்குள் அந்த மாதங்கள் கரைந்துவிடுகின்றன. ஆகவே வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது தேதி.

அடுத்து, யார்மீது வழக்கு என்பது. வேலையிடத்தில் அடிபட்ட தொழிலாளி பெர்க்கேசோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்பில் இருந்தால், முதலாளிமீது கவனக்குறைவு வழக்குத் தொடுக்க அக்காப்புக்கான 1969ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. வேலைக்குப் போகும் வழியில் மோதிய வெளி லாரிக்காரர்மீது தொடுக்கத் தடையில்லை. வருமான இழப்பைக் கணக்கிடுவதற்கும் வேறொரு சட்டத்தில் வாய்பாடு உண்டு: 31 முதல் 59 வயதுவரை, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு அது 10 ஆண்டு வருமானம். ஆனால் அந்த வருமானத்தை நிரூபிக்கச் சம்பளச் சீட்டு வேண்டும். மாலையில் புல்வெட்டிச் சம்பாதித்ததற்குச் சீட்டு ஏது?

மருத்துவ வழக்கு இவற்றைவிடக் கடினமானது. நோய் குணமாகவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2017இல் தெளிவுபடுத்தியபடி, நோயறிதலிலும் சிகிச்சையிலும் பொறுப்புள்ள மருத்துவர்கள் ஏற்கும் முறை பின்பற்றப்பட்டதா என்பது ஓர் அளவுகோல். ஆபத்துகளை நோயாளிக்கு முன்கூட்டி விளக்கினாரா என்பதற்கோ நீதிமன்றமே அளவுகோலை வகுக்கும். எனவே மருத்துவமனைக் குறிப்பு முழுவதையும் எழுதிக் கேட்டுப் பெற்று, தாதியர் குறிப்பு, மருந்துப் பட்டியல், பிரசவ வழக்கானால் குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு ஆகியவற்றை மணிவாரியாக அடுக்கிப் படிக்கும் பொறுமை தேவை. அதன்பின் நிபுணர் சாட்சி தேட வேண்டும். சக மருத்துவருக்கு எதிராகப் பேச இசைபவர் எளிதில் கிடைப்பதில்லை.

வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்று ஒப்பந்தம் செய்ய 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மருத்துவமனை வாசலில் ஆள்பிடிக்கும் தரகரை நம்பித் தொழில் தொடங்குவோரும் உண்டு. அவர்களிடம் பயிற்சிக்குச் சேராதிருப்பதே நல்லது.

முதியவர் தமிழில் சொல்வதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டு, மலாயில் எழுதி, மீண்டும் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் “ஆமாம், இதைத்தான் சொன்னேன்” என்ற பிறகே வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.